ஆயில் முதலில், பூஸ்ட் கடைசியில்

கேள்வி: நான் டொராண்டோவில் இருக்கிறேன். ஜப்பானில் இருந்து இறக்கின 1990ஆம் ஆண்டு நிஸான் ஸ்கைலைன் ஜி.டி.-ஆர், ஆர்32 மாடல், ஒன்று என்னிடம் இருக்கு. எஞ்சின் களைத்துவிட்டது, மூன்றாம் கியரில் இழுக்கும்போது பின்னால் நீலப் புகை வருது. எப்படியும் பிரிக்கத்தான் வேணும் என்றபடியால், அதோடு சேர்த்து 600 குதிரைத்திறன் வரக்கூடியதாகக் கட்டலாம் என்று யோசிக்கிறேன். கராஜ்காரர் தந்த கணக்கில் ஃபோர்ஜ்டு பிஸ்டன், கனெக்டிங் ராட், பெரிய டர்போ ஒன்று, பெரிய இன்ஜெக்டர், புது கம்ப்யூட்டர் எல்லாம் இருக்கு. இதில் ஏதும் குறையுதா?

பதில்: குறைகிறது. முக்கியமானதே குறைகிறது. உங்கள் பட்டியலில் இருப்பதெல்லாம் சக்தியைக் கூட்டுகிற சாமான்கள். அந்தச் சக்தியைத் தாங்கிக்கொண்டு எஞ்சின் பிழைத்திருப்பதற்கு ஆயில் வழிகளைச் சீர்செய்தாக வேண்டும். அதற்கு ஒரு வரிகூட ஒதுக்கப்படவில்லை.

உங்கள் வண்டியில் இருக்கும் ஆர்.பி.26 எஞ்சின் எதற்காகப் பிறந்தது என்று தெரிந்தால் நான் சொல்வது புரியும். நாகனோரி இட்டோ தலைமையில் ஆர்32 உருவானபோது குறி ஒன்றுதான்: குரூப் ஏ பந்தயம். அந்த விதிப்படி டர்போ எஞ்சினின் கொள்ளளவை 1.7ஆல் பெருக்கி எந்த வகுப்பு என்று தீர்மானிப்பார்கள். 2568 சிசியை 1.7ஆல் பெருக்கினால் சுமார் 4366 வருகிறது. 4500 சிசி வரம்புக்குள் அடங்குகிறது. நம் கண்ணுக்கு விசித்திரமாகத் தெரியும் அந்த 2.6 லிட்டர் அளவு இப்படி வந்ததுதான். இரும்பு பிளாக், அலுமினிய ஹெட், 24 வால்வு, ஆறு சிலிண்டருக்கும் தனித்தனி த்ராட்டில் என்று எல்லாமே பந்தயத்தை மனத்தில் வைத்துச் செய்தவை. 1990 முதல் 1993 வரை ஜப்பானிய டூரிங் கார் தொடரில் நடந்த 29 பந்தயங்களில் 29-ஐயும் ஜி.டி.-ஆர் வென்றது. 1991, 1992 இரண்டு ஆண்டும் ஆஸ்திரேலியாவின் பாத்தர்ஸ்டிலும் அதற்கே வெற்றி. பந்தய வண்டிகள் 500 குதிரைத்திறனுக்கு மேல் எடுத்தன. தெருவில் விற்ற வண்டிக்கு 280 என்று எழுதியிருந்தது, ஜப்பானிய நிறுவனங்கள் தங்களுக்குள் அந்த எண்ணைத் தாண்டுவதில்லை என்று ஒப்புக்கொண்டிருந்ததால். ஆகவே இந்த எஞ்சினில் சக்தி எடுப்பது கடினமே இல்லை. பூஸ்டைக் கூட்டினால் கொடுத்துவிடும். கொடுத்த பிறகு என்ன ஆகிறது என்பதில்தான் சிக்கல்.

முதல் எதிரி ஆயில் பம்ப். இந்த எஞ்சினில் பம்பின் உள் கியர் கிராங்கின் மூக்கிலேயே உட்கார்ந்திருக்கிறது. கிராங்கில் சீவிய இரண்டு தட்டை முகங்கள்தான் அதைச் சுழற்றுகின்றன. ஆரம்பகால ஆர்32களில் அந்த முகங்கள் குறுகலானவை. பின்னாளில் நிஸானே அகலப்படுத்தியது. 1990 வண்டி என்பதால் உங்களுடையது பெரும்பாலும் குறுகல்தான். ஆறு சிலிண்டர் வரிசையாக உள்ள நீளமான கிராங்க் அதிக வேகத்தில் முறுக்கி அதிரும். கம்ப்யூட்டர் ரெவ்லிமிட்டில் வெட்டி வெட்டி விடும்போது அந்த அதிர்ச்சி இன்னும் மோசம். சுமை முழுவதும் அந்தச் சின்ன விளிம்பில் விழுந்து, பொடி உலோகத்தை அழுத்திச் செய்த பம்ப் கியர் விரிசல் விட்டு உடைகிறது. ஆயில் அழுத்தம் பூஜ்யமாகி, நீங்கள் மீட்டரைப் பார்ப்பதற்குள் பேரிங் எல்லாம் போய்விடும். எனவே கிராங்கில் அகலமான காலர் பொருத்துங்கள். பம்ப் கியரை முழு எஃகில் கடைந்ததாக மாற்றுங்கள். 35 வயதான கிராங்க் புல்லியின் ரப்பர் கண்டிப்பாக இறுகியோ பிளந்தோ இருக்கும். அதிர்வை உறிஞ்சுவது அதன் வேலை என்பதால் அதற்கும் புதிது வாங்குங்கள்.

இரண்டாவது, மேலே போன ஆயில் கீழே வராதது. ஹெட்டுக்குத் தேவைக்கு மேல் ஆயில் ஏறுகிறது. திரும்பி வடியும் வழிகளோ சிறியவை. பூஸ்ட் கூடினால் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கசியும் வாயு கிராங்க் கேஸில் அழுத்தத்தை ஏற்றி, அதே வடிகால் வழியாக மேல்நோக்கித் தள்ளும். ஆயில் வால்வு கவருக்குள் தேங்கி நிற்க, நீண்ட வளைவில் வேகமாகத் திரும்பும்போது சம்ப் காலியாகி பம்ப் காற்றை உறிஞ்சும். ஹெட்டுக்கு ஏறும் இரண்டு வழிகளில் ஒன்றை அடைத்து, மற்றதில் 1.25 முதல் 1.5 மி.மீ. துளையுள்ள ரெஸ்ட்ரிக்டர் வைப்பது இதற்கு நெடுநாளாக நடந்துவரும் வைத்தியம். அதோடு வடிகால் துளைகளைப் பெரிதாக்கி, ஹெட்டின் பின்புறத்திலிருந்து சம்புக்கு வெளிக்குழாய் ஒன்று விட்டு, தடுப்புத் தகடுகள் வைத்த பெரிய சம்பும் நல்ல கேட்ச் டேங்கும் போடவேண்டும். இவையெல்லாம் சேர்ந்தால் நல்ல செலவுதான். பணம் இடித்தால் குதிரைத்திறனைக் குறையுங்கள். இந்த ஆயில் வேலைகளில் கை வைக்காதீர்கள். 450 குதிரைத்திறனோடு பல வருடம் ஓடும் ஆர்32-ஐத்தான் நான் மதிப்பேன்.

இனி பட்டறை வேலை. பிரிக்கும் முன்பே லீக்-டவுன் சோதனை செய்து காற்று எங்கே கசிகிறது என்று குறித்துவையுங்கள். இழுக்கும்போது வரும் நீலப் புகைக்கு ரிங்கும் காரணமாகலாம், டர்போவின் சீலும் காரணமாகலாம். ஆக்ஸிலரேட்டரை விட்ட பிறகு புகைத்தால் வால்வு சீலைச் சந்தேகிக்க வேண்டும். போர் போடும்போதும் ஹோனிங் செய்யும்போதும் பிளாக்கின் மேல் டார்க் பிளேட்டை முறுக்கியிருக்க வேண்டும். ஹெட் போல்ட்டை இறுக்கும்போது சிலிண்டர் வாய் நெளிகிறது. நெளிந்த நிலையில் வட்டமாக இருந்தால்தான் ஓடும்போதும் வட்டமாக இருக்கும். மெயின் பேரிங் இடைவெளியை 0.05 மி.மீ. சுற்றி, ஒவ்வொன்றாக அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். ரிங் முனைகளின் இடைவெளி 86 மி.மீ. போருக்கு 0.4 முதல் 0.5 மி.மீ. வேண்டும். அது குறைந்தால் சூட்டில் விரிந்த முனைகள் ஒன்றோடொன்று முட்டி, பிஸ்டனின் ரிங் வரப்பைப் பெயர்த்துவிடும். அளவுகளை எழுதித் தர மறுக்கிற இடத்தில் இந்த எஞ்சினைக் கொடுக்காதீர்கள்.

பெட்ரோல் கணக்கு எளிது. 600 குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்குச் சுமார் 27 கிலோ காற்று உள்ளே போகவேண்டும். அதற்கேற்ற பெட்ரோலை ஆறு இன்ஜெக்டருக்கும் பிரித்து, எந்த இன்ஜெக்டரும் தன் திறனில் 80 சதவீதத்தைத் தாண்டாமல் வைத்தால், ஒவ்வொன்றும் நிமிடத்துக்குச் சுமார் 660 மி.லி. பாய்ச்ச வேண்டும். கம்பெனி போட்டது 444 தான். பழைய பெட்ரோல் பம்பும் அதன் வயரிங்கும் இந்தச் சுமைக்கு ஆகாது.

இன்னொன்று, உங்கள் ஊருக்கே உரிய ஆபத்து. ஜப்பானில் இந்த வண்டி குடித்தது ஆர்.ஓ.என். கணக்கில் 100 ஆக்டேன் பெட்ரோல். கனடாவில் பம்பில் எழுதியிருக்கும் எண் வேறு கணக்கு. அங்கே 91 என்றால் ஆர்.ஓ.என். கணக்கில் 95, 96 வரும். ஜப்பானில் யாரோ ட்யூன் செய்த கம்ப்யூட்டரோடு இறங்கிய வண்டியில் அப்படியே பூஸ்டை ஏற்றினால் நாக்கிங் வரும். காற்றை 1.4 பார் அழுத்தினால், 30 டிகிரியில் உள்ளே போனது டர்போவை விட்டு 150 டிகிரி வாக்கில் வெளியே வரும். இன்டர்கூலர் அதைக் குளிரவைத்தாலும் மிச்சச் சூடு சிலிண்டருக்குள்தான் போகிறது. அங்கே தீப்பொறி பற்றவைத்த ஜுவாலை போய்ச் சேருமுன் மீதிக் கலவை தானாக வெடிக்கிறது. பிஸ்டனை ஓட்டை போடுவது அந்த வெடிப்புதான். கிடைக்கிற பெட்ரோலை வைத்தே ட்யூன் செய்யுங்கள், நாக் சென்சார் வேலை செய்கிறதா என்று உறுதிசெய்யுங்கள், முழு பூஸ்டில் காற்று-பெட்ரோல் விகிதம் 11.5க்கு அருகே நிற்கட்டும். புது கம்ப்யூட்டர் வாங்குவதன் மிகப் பெரிய லாபமே இதுதான்: ஆயில் அழுத்தமோ பெட்ரோல் அழுத்தமோ விழுந்த கணத்தில் எஞ்சினை அதுவே நிறுத்திவிடும். அந்தப் பாதுகாப்பை அமைக்காமல் ட்யூனரை விட்டு வெளியே வராதீர்கள்.

கியர்பாக்ஸையும் கிளட்சையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய ஐந்து கியர் பெட்டி 600-ஐ அதிக நாள் பொறுக்காது.

கேள்வி: என் ஆர்32-இல் கம்பெனி போட்ட இரட்டை டர்போவே இருக்கிறது. எஞ்சினைத் தொடாமல் பூஸ்டை மட்டும் கூட்டலாமா? மாற்றுவதென்றால் இரட்டையா, ஒற்றையா?

பதில்: கம்பெனி டர்போவின் டர்பைன் சக்கரம் செராமிக். எடை குறைவு என்பதால் சட்டென்று சுழலும். ஆனால் பூஸ்ட் 1 பாரைத் தாண்டி, சூடும் வேகமும் ஏறினால் சில்லுசில்லாக நொறுங்கும். இன்று அவற்றின் வயதையும் பார்க்கவேண்டும். அவற்றை வைத்துக்கொண்டு பூஸ்டைக் கூட்டாதீர்கள்.

மாற்றினால் நான் ஒற்றையையே சொல்வேன். இரண்டு டர்போவுக்கும் போகும் ஆயில், தண்ணீர்க் குழாய்களின் நெரிசலில் ஒரு கசிவைக் கண்டுபிடிப்பதற்குள் பாதி நாள் போய்விடும். ஒற்றை வாங்கும்போது ட்வின்-ஸ்க்ரோல் வகையாகப் பாருங்கள். இந்த எஞ்சின் 1-5-3-6-2-4 என்ற வரிசையில் வெடிக்கிறது. முன் மூன்று சிலிண்டரின் புகையை ஒரு வழியிலும் பின் மூன்றின் புகையை மறு வழியிலும் விட்டால், ஒவ்வொரு வழியிலும் கிராங்க் 240 டிகிரி திரும்புவதற்கு ஒருமுறை சீராக அடி விழும். ஒரு சிலிண்டரின் புகை இன்னொன்றில் புகுந்து தடுக்காது. பெரிய ஒற்றை டர்போவின் பழைய குறையான சோம்பல் இதில் பெருமளவு தீர்ந்துவிடுகிறது. அசல் தோற்றம் கெடக்கூடாது என்று நினைப்பவர்கள் எஃகு டர்பைன் உள்ள இரட்டையை வைத்துக்கொள்வதை நான் குறை சொல்லமாட்டேன். திறந்த பானெட்டுக்குள் அந்த எஞ்சின் அழகாகத்தான் இருக்கும்.

கேள்வி: 2.8 லிட்டர் ஸ்ட்ரோக்கர் கிட் போடுவது வீண் செலவா?

பதில்: கிராங்க் நன்றாக இருந்தால் அவசியமில்லை. கிராங்கையே மாற்றவேண்டிய நிலை என்றால் யோசிக்காமல் போடுங்கள். ஸ்ட்ரோக் 73.7 மி.மீ.யிலிருந்து 77.7 ஆகும், 87 மி.மீ. போரோடு சேர்த்தால் 2771 சிசி. தெருவில் ஓட்டுகிறவருக்கு இதில் கிடைப்பது உச்ச எண்ணல்ல, டர்போ முன்னதாக விழித்துக்கொள்வது. அந்த கிராங்கில் ஆயில் பம்ப் முகம் அகலமாக இருக்கிறதா என்று வாங்கும் முன் பாருங்கள். 8000 சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 19.7 மீட்டரிலிருந்து 20.7 ஆக ஏறுவதால், ரெவ்லிமிட்டைச் சில நூறு சுற்று கீழே வைப்பது நல்லது. முறுக்குவிசை கீழேயே கிடைக்கும்போது அங்கே போகவேண்டிய தேவையும் குறைகிறது.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் அப்பா விட்டுச்சென்ற டட்சன் 120ஒய் இருக்கு, ஏ12 எஞ்சின். அதுக்குச் சின்ன டர்போ ஒன்று போட ஆசை. சரிவருமா?

பதில்: ஓடவைக்க முடியும். 1171 சிசி, இரும்பு பிளாக், ஐந்து மெயின் பேரிங்; கிராங்கைப் பொறுத்தவரை கெட்டியான எஞ்சின். ஆனால் கார்புரேட்டர் வழியாகப் பூஸ்ட் ஊதி, பழைய டிஸ்ட்ரிபியூட்டரை வைத்து டைமிங்கைக் கட்டுப்படுத்துவது நாக்கிங்கை வீட்டுக்கு அழைப்பதுதான். பின்னால் டிரம் பிரேக், பட்டை ஸ்பிரிங். அந்த வண்டியின் குணம் வேறு. கொஞ்சம் கூடுதல் இழுவைதான் வேண்டுமென்றால் அதே குடும்பத்தின் 1397 சிசி ஏ14 கிடைத்தால் போடுங்கள், ரேடியேட்டரைப் புதுப்பியுங்கள், அப்பாவின் எஞ்சினைத் துடைத்து, ஆயில் பூசி, பத்திரமாக எடுத்துவையுங்கள்.

கேள்வி: புதிதாகக் கட்டிய டர்போ எஞ்சினை முதல் 1000 கிலோமீட்டர் மெதுவாகவே ஓட்டச் சொல்கிறார்கள். சரியா?

பதில்: பாதிதான் சரி. பூஸ்டும் உச்ச சுற்றும் வேண்டாம் என்பது உண்மை. ஆனால் சுமையே இல்லாமல் ஓட்டினால் ரிங் உட்காராது. வாயு ரிங்கைச் சுவரோடு அழுத்தினால்தான் ஹோனிங் கீறல்களில் அது தேய்ந்து இசையும்; கீறல்கள் வழுவழுத்துப் போனபின் எத்தனை தூரம் ஓட்டினாலும் பயனில்லை. முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, பெட்ரோலை நிறுத்தி, ஆயில் அழுத்தம் ஏறும்வரை ஸ்டார்ட்டரால் சுழற்றுங்கள். ஊற்றுவது மினரல் ஆயிலாக இருக்கட்டும். ஐடிலில் நெடுநேரம் விடாதீர்கள். சூடேறிய உடனே ரோட்டுக்கு எடுத்துப்போய், உயர் கியரில் மிதமான சுமையோடு இழுத்து, பிறகு எஞ்சின் பிரேக்கில் வேகம் குறையவிட்டு, மாற்றி மாற்றிச் செய்யுங்கள். அன்றே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். கழற்றிய ஃபில்டரை அறுத்து, மடிப்புகளை விரித்து, வெளிச்சத்தில் பாருங்கள். முதல்முறை நுண்ணிய பளபளப்பு கொஞ்சம் இருப்பது இயல்பு. நகத்தில் தட்டுப்படுகிற துகள் இருந்தால் மறுபடி ஸ்டார்ட் செய்யாமல், சம்பைக் கழற்றி பேரிங்கைப் பாருங்கள்.