வெள்ளாட்டின் ஈற்றும் குட்டிக் கணக்கும்

வெள்ளாடு ஓர் ஈற்றில் எத்தனை குட்டி போடும் என்று விசாரிப்போர் பலர். போட்ட குட்டிகளில் எத்தனை பிழைத்தன என்று கணக்கு வைப்போர் சிலரே. ஆடு வளர்ப்பின் லாப நஷ்டம் இவ்விரண்டாவது கணக்கிலேயே அடங்கியுள்ளது.

தலையீற்றில் பெரும்பாலும் ஒரு குட்டியும், பின் ஈற்றுகளில் பல ஆடுகளுக்கு இரண்டும் பிறக்கும். மூன்று பிறப்பதும் உண்டு. அதற்கு மேல் அபூர்வம். ஜாதிக்கு ஜாதி இது மாறும். வங்காளக் கறுப்பு ஆடு இரண்டு மூன்று குட்டிகள் போடக்கூடியது. திருநெல்வேலி, விருதுநகர் ஜில்லாக்களின் கன்னி ஆடு இரட்டைக் குட்டிக்குப் பேர் பெற்றது.

குட்டிகளின் தொகை இணைசேரும் கிடாயைப் பொறுத்தது என்னும் எண்ணம் தவறு. பருவத்தில் தாயிடம் முதிரும் கருமுட்டைகளின் தொகையே முக்கிய காரணமாகும். கிடாயின் வம்சகுணம் அதன் பெண் குட்டிகள் ஈனும்போதே தெரியவரும். ஆகையால் ஈற்றுதோறும் இரட்டை ஈன்று, இரண்டையும் வளர்த்த தாயின் கிடாய்க் குட்டியையே பொலிவுக்கு நிறுத்த வேண்டும். நம் குடியானவர்களோ, பண்டிகை வியாபாரி வந்தவுடன் கொழுத்த கிடாயை விற்றுவிட்டு, விலைபோகாத சோனியை மந்தையில் விடுகின்றனர். சில வருஷங்களில் மந்தையே சிறுத்துப்போவதற்கு இதுவே காரணம்.

இணைசேர்ப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்தே மெலிந்த ஆட்டிற்குத் தினம் 200 முதல் 250 கிராம் வரை தானியமும் பிண்ணாக்கும் கொடுத்தால் இரட்டைக் குட்டிகள் அதிகப்படும். சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். கடைசி ஆறு வாரங்களில் வயிற்றுக்குட்டி விரைந்து வளர்வதால் அப்போதும் இத்தீனி அவசியம்.

சென்ற ஒரு கிராமத்தில் மெலிந்த ஆடொன்று மூன்று குட்டி போட்டதை ஊரார் கொண்டாடினர். அடுத்த மாதம் நான் சென்றபோது ஒரு குட்டியே எஞ்சியிருந்தது. ஆட்டிற்குக் காம்பு இரண்டே. வலியது குடிக்க, எளியது பட்டினி கிடந்தது. பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் எல்லாக் குட்டிகளுக்கும் சீம்பால் ஊட்டி, தொப்புளில் டிங்க்சர் அயோடின் தடவி, மூன்றாவது குட்டியை ஒற்றைக் குட்டி போட்ட வேறோர் ஆட்டிடம் ஊட்டவிட்டிருந்தால் அந்த நஷ்டம் நேர்ந்திராது.

ஆடு வைத்திருப்போர் ஒவ்வொரு தாய்க்கும் ஈன்ற தேதி, பிறந்த குட்டி, மூன்று மாதத்தில் உயிரோடிருக்கும் குட்டி ஆகியவற்றைக் குறித்துவருவாராக. கிராம அலுவலர்களும் இவ்வழக்கத்தை ஊரில் பரவச் செய்தல் நலம். எந்தக் கிடாயை விற்கலாம், எதை நிறுத்த வேண்டும் என்பதை அக்குறிப்பே சொல்லும்.