சாயப்பட்டறையில் தொடங்குங்கள் கார்பன் கணக்கை

டீசல் பில்லைக் கசக்கி எறியாமல் தேதிவாரியாகக் கோத்து வைக்கும் ஆளா நீங்கள்? அப்படியானால் உங்களுக்கு ஏற்ற வேலை ஒன்று வளர்ந்து வருகிறது. பசுங்குடில் வாயுக்களை அளப்பது, அவற்றைக் குறைக்கப் போட்ட திட்டங்கள் பலன் தந்தனவா என்று கணிப்பது, அதை அறிக்கையாக எழுதுவது. சுருக்கமாக, கார்பன் கணக்கு. காஞ்சிபுரத்தில் இருந்தபடியே இதைப் பழகலாம். வேலையும் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கமே கிடைக்க வாய்ப்புண்டு.

முதலில் பெரிய படத்தைப் பார்த்துவிடுவோம். 2024 டிசம்பர் இறுதியில் இந்தியா தன் நான்காவது ஈராண்டு அறிக்கையை ஐ.நா. காலநிலை அமைப்பிடம் கொடுத்தது. காடும் மண்ணும் உறிஞ்சியதைக் கழிக்காமல் பார்த்தால், 2020இல் நாடு வெளியிட்டது சுமார் 296 கோடி டன். அதில் முக்கால் பங்கு எரிசக்தியிலிருந்து வந்தது. 2019ஐவிட ஏறக்குறைய 8 சதவீதம் குறைவு என்றும் அறிக்கை சொல்கிறது. இந்த இடத்தில் கைதட்டுபவருக்கு இந்த வேலை சரிப்படாது. 2020 எப்படிப்பட்ட ஆண்டு? ஊரடங்கு. பேருந்து ஓடவில்லை, ஆலை ஓடவில்லை, தறியும் நின்றது. குறைந்ததில் எவ்வளவு திட்டத்தால், எவ்வளவு பூட்டிய கதவால்? அந்தத் திட்டம் இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும்? இந்தத் துறையில் சம்பளம் தருவதே இந்தக் கேள்விக்குத்தான்.

கணக்குக் காட்டும் வழக்கம் நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. குடவோலைக்காகப் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி குடவோலையில் பெயர் எழுதப்படும் தகுதியை இழப்பார் என்கிறது அது. அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் அதே கதிதான். பாரிஸ் ஒப்பந்தம் அவ்வளவு கடுமை காட்டவில்லை. நாடுகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வெளிப்படைத்தன்மை அறிக்கை தர வேண்டும், நிபுணர் குழு கேள்வி கேட்கும், தண்டனை கிடையாது. சோழர் காலத்து ஆட்கள் இதைப் பார்த்தால் சிரித்திருப்பார்கள்.

சரி, பழக்கத்துக்கு வருவோம். பிள்ளையார்பாளையத்தில் உங்களுக்குத் தெரிந்த சாயப்பட்டறை ஒன்று இருக்கும். மாமாவுடையதாக இருந்தால் இன்னும் நல்லது, பில் கேட்டால் முறைக்க மாட்டார். பட்டு நூலின் பசையை நீக்க சோப்புத் தண்ணீரில் கொதிக்க வைக்க வேண்டும், பிறகு சாயத் தொட்டிக்கும் சூடு வேண்டும். அந்த எரிபொருள்தான் உங்கள் முதல் பாடம். சூத்திரம் ஒன்றுதான்: எவ்வளவு எரித்தோம் என்ற அளவை உமிழ்வுக் காரணியால் பெருக்குவது. ஒரு லிட்டர் டீசலுக்கு 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஒரு கிலோ சமையல் எரிவாயுவுக்கு 3 கிலோ, ஆகவே 19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்று தீர்ந்தால் 57 கிலோ. மின்சாரத்துக்கு மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் காரணியை வெளியிடுகிறது, யூனிட்டுக்கு 0.7 கிலோவை ஒட்டி வரும். மாதம் 200 யூனிட் ஓடினால் 140 கிலோ. பெருக்கல் தெரிந்தால் போதும். சிரமம் பில் தேடுவதில்தான்.

இப்போது விறகு. புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் இடம் இது. விறகை எரித்தால் வரும் கார்பன் டை ஆக்சைடை எரிசக்திக் கணக்கின் கூட்டுத்தொகையில் சேர்ப்பதில்லை, தகவலுக்காகத் தனியே எழுதுவார்கள். மரத்தை வெட்டியதால் நிலத்தில் குறைந்த கார்பன் நிலக் கணக்கில் ஏறிவிடும். இரண்டிலும் எழுதினால் ஒரே விறகுக்கு இரண்டு முறை பற்று வைத்ததாகும். எரிசக்திப் பக்கத்தில் விறகின் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் மட்டுமே சேரும். இதனால் ஒரு வேடிக்கை நடக்கிறது. சீமைக் கருவேல விறகிலிருந்து சிலிண்டருக்கு மாறிய பட்டறையின் உமிழ்வு தாளில் கூடிவிடும்! மாமா கோபப்படுவார்: “புகை போச்சு, கண் எரிச்சல் போச்சு, நீ என்னடா கூடிப்போச்சுன்னு எழுதுற?” அவர் சொல்வதும் நியாயம்தான். காற்று சுத்தமானது வேறு பலன், அதை வேறு பத்தியில் எழுத வேண்டும். வெட்டிய கருவேலம் மறுபடி துளிர்த்ததா, அல்லது அந்த இடமே மொட்டையானதா என்று விசாரித்து எழுதினால் நீங்கள் தேறிவிட்டீர்கள்.

இன்னொரு பயிற்சி. உஜாலா திட்டம் 2015 ஜனவரியில் தொடங்கியது, சுமார் 37 கோடி எல்.இ.டி. பல்புகள் விற்றது. ஆண்டுக்கு ஏறக்குறைய 4,800 கோடி யூனிட் மிச்சம், 3.9 கோடி டன் கார்பன் டை ஆக்சைடு குறைவு என்பது அரசு சொல்லும் கணக்கு. வகுத்துப் பாருங்கள், யூனிட்டுக்கு 0.8 கிலோ வரும். மேலே நான் சொன்னது 0.7. யாரும் பொய் சொல்லவில்லை. திட்டம் தொடங்கிய காலத்துக் காரணி அது, பிறகு சூரிய மின்சாரமும் காற்றாலையும் கூடியதால் காரணி இறங்கியது. மிச்சமும் வீடு வீடாக மீட்டர் பார்த்து எழுதியதல்ல. ஒரு பல்பு ஒரு நாளில் இத்தனை மணி நேரம் எரியும் என்று வைத்துப் போட்ட மதிப்பீடு. கொல்லைப்புறத்தில் மாட்டிய பல்பு அவ்வளவு நேரம் எரிகிறதா? திட்டம் வராவிட்டாலும் விலை இறங்கியதும் மக்கள் எல்.இ.டி.க்கு மாறியிருப்பார்களா? இப்படி ஒரு எண்ணைப் பிரித்து மேய்ந்து ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். நேர்காணலில் அந்த ஒரு பக்கம் பத்துச் சான்றிதழுக்குச் சமம்.

சான்றிதழ் என்றதும் ஒரு எச்சரிக்கை. இரண்டு நாளில் நிபுணராக்குகிறோம் என்று பணம் கேட்கும் வகுப்புகளை விட்டுத்தள்ளுங்கள். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2006 வழிகாட்டி நூல்களும் கணக்கு மென்பொருளும் இலவசமாகவே கிடைக்கின்றன. பொறியியல் படித்து அனுபவமும் இருந்தால் எரிசக்தித் திறன் பணியகம் நடத்தும் தேசியத் தேர்வை எழுதுங்கள். எரிசக்தி மேலாளருக்கு மூன்று தாள்கள், தணிக்கையாளருக்கு நான்கு. அந்தச் சான்றுக்கு மதிப்பு உண்டு. பி.காம். படித்தவர்களும் தயங்க வேண்டாம். இது பாதிக்கு மேல் கணக்குப்பிள்ளை வேலை, பி.காம். கை நன்றாகவே ஓடும்.

வேலை யார் தருவார்கள்? பங்குச் சந்தையில் முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 முதல் நீடித்தநிலை அறிக்கை தர வேண்டும் என்பது செபியின் கட்டளை. பெரிய நிறுவனம் கேட்டால் அதற்கு உதிரிபாகம் செய்யும் சின்னப் பட்டறையும் எண் தந்தாக வேண்டும். இந்தியாவின் கார்பன் வர்த்தகத் திட்டம் 2023இல் அறிவிக்கப்பட்டது, ஜவுளித் துறையும் அதில் இருக்கிறது. கைத்தறிக்கு இப்போது கவலை இல்லை, பெரிய ஆலைகளுக்கு உண்டு. ஐரோப்பாவின் எல்லைக் கார்பன் விதியில் எஃகு போல்ட், நட்டுகூட அடக்கம். ஒரகடத்தில் போல்ட் செய்து ஏற்றுமதி செய்பவருக்குக் கணக்கெழுத ஆள் வேண்டும். அரசுப் பக்கம் தமிழ்நாடு பசுமைக் காலநிலை நிறுவனம் இருக்கிறது, மாவட்டக் காலநிலை இயக்கங்கள் ஆட்சியர் தலைமையில் இருக்கின்றன. நெல் வயலில் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விட்டால் மீத்தேன் குறையும். எத்தனை நாள் காயவிட்டார்கள் என்று குறித்து வைக்கவும் அங்கே ஆள் தேவைப்படும்.

சரிபார்ப்பு என்ற சொல்லைக் கண்டு பயப்பட வேண்டாம். நல்ல ஜரிகையா, ஹாஃப் பைனா என்று சோதிக்காமல் இந்த ஊரில் யாரும் விலை பேசுவதில்லை. வெளியிலிருந்து வரும் சரிபார்ப்பாளரும் அதையேதான் செய்கிறார். உங்கள் 57 கிலோவைக் காட்டி, எந்த பில், எந்தத் தேதி, எந்தக் காரணி, எந்த ஆண்டின் வெளியீடு என்று கேட்பார். நான்குக்கும் பதில் இருந்தால் உங்கள் எண் நிற்கும். மதிப்பீடு என்றால் மதிப்பீடு என்றே எழுதிவிடுங்கள். மறைத்து மாட்டிக்கொண்டவரை இந்தத் துறையில் இரண்டாம் முறை யாரும் கூப்பிடுவதில்லை.

பட்டறைக் கணக்கு கைவந்ததும் புடவைக் கணக்குக்குப் போங்கள். கர்நாடகத்திலிருந்து வரும் பட்டு நூல், சூரத்திலிருந்து வரும் ஜரிகை, இரண்டும் லாரி ஏறி வந்தவை. அது பெரிய வேலை, அவசரம் வேண்டாம். இந்த வாரம் மாமாவின் இ.பி. கார்டையும் கடைசி பன்னிரண்டு சிலிண்டர் ரசீதையும் மட்டும் கேட்டு வாங்குங்கள்.