கண்ணொளி தரும் பாடம்

தருமம் செய்யும் ஸ்தாபனம் என்றும் பிறர் கையை எதிர்பார்த்தே வாழவேண்டுமா? பரவைக்கு அருகே, மதுரை நகரில் இதற்கு விடை இருக்கிறது.

வடமலாபுரம் கிராமத்தில் பிறந்த டாக்டர் ஜி. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 1976-ல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய கையைக் கொண்டே கண்புரை நீக்கப் பழகியவர் அவர்.

முறை எளிது. வசதியுள்ளோர் செலுத்தும் கட்டணத்தில் மிஞ்சுவது, ஏழைகளின் இலவச சிகிச்சைக்கு உதவுகிறது. ஒருவருக்குச் சிகிச்சை முடியும்போதே அடுத்த மேசையில் மற்றொருவர் ஆயத்தமாக இருப்பார். மருத்துவரின் நேரம் வீணாவதில்லை. கிராமத்துப் பெண்கள் பயிற்சி பெற்று உதவிப் பணிகளை ஆற்றுகின்றனர். அயல்நாட்டுக் கண்வில்லைகளின் விலை மிகுந்திருந்தமையால், 1992-ல் ஆரோலேப் தொழிற்கூடத்தை நிறுவி, மதுரையிலேயே மலிவாகச் செய்யலாயினர்.

ஆயினும் ஒரு தடை தோன்றிற்று. சிகிச்சை இலவசமாயிருந்தும் முதியோர் பலர் வரவில்லை. பஸ் கட்டணம், சாப்பாடு, துணைக்கு வருபவர் இழக்கும் கூலி, அச்சம் ஆகியவையே காரணம். ஆகவே முகாமிலிருந்து அழைத்துச் செல்லும் வண்டியும் உணவும் சேர்க்கப்பட்டன.

நம் ஊர் மாதர் சங்கமோ இளைஞர் மன்றமோ புதிய பணி தொடங்குமுன் மூன்று வினாக்களை எழுப்புதல் நலம். செலவுக்கு வருவாய் எது? வேலையைக் கற்று நடத்துவோர் யார்? வரவேண்டியவர் எதனால் வராதிருப்பர்?

பார்வை மங்கித் திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டியிடம் முகாம் நாளைச் சொல்வதோடு நில்லாதீர்கள். உடன் சென்று வாருங்கள்.