போருக்கு முன்பே பயணக் கூண்டுக்குப் பழக்குங்கள்

1942 ஏப்ரல். ஜப்பானியர் தாக்குவார்கள் என்ற பீதியில் சென்னையே காலியாகிக்கொண்டிருந்தது. மூர் மார்க்கெட் அருகே 'உயிர் காலேஜ்' என்று மக்கள் அழைத்த மிருகக்காட்சி சாலையில் சிங்கம், புலி முதலான கொடிய விலங்குகளை மலபார் சிறப்புப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். ஜப்பானியப் படை வரவேயில்லை. மறுவருடம் டோக்கியோவின் உவேனோ உயிரியல் பூங்காவில் மூன்று யானைகளைப் பட்டினி போட்டே சாகடித்தார்கள். அந்நகரின் மீது பெரும் குண்டுவீச்சு தொடங்கியதோ 1944 நவம்பரில்தான். இரண்டு ஊரிலும் விலங்குகளைக் கொன்றது எதிரியின் குண்டல்ல, பயம். அமைதிக் காலத்தில் திட்டம் இருந்தால்தான் பயம் முடிவெடுக்காது.

பூங்கா நடத்துவோர் செய்ய வேண்டியவை:

முடிவுகளை எழுதி வையுங்கள். எப்போது உள்ளறையில் அடைப்பது, எப்போது இடம் மாற்றுவது, யார் உத்தரவிடுவது என எல்லாம் தெளிவாக இருக்கட்டும். கொல்வது கடைசிப் படி. அதையும் கால்நடை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும்.

பயணக் கூண்டுக்குள் அடிக்கடி தீனி வையுங்கள். பழகிய விலங்கு தானே ஏறிவிடும். வெடிச்சத்தத்தில் மிரண்ட விலங்குக்கு மயக்க ஊசி சரியாக வேலை செய்யாமல் போகலாம், உயிருக்கும் ஆபத்து.

ஆவணங்களைத் தயாராக வையுங்கள். 2017இல் ஈராக்கின் மொசூல் பூங்காவிலிருந்து மீட்ட சிங்கமும் கரடியும் அனுமதிச் சிக்கலால் சோதனைச் சாவடியில் நாட்கணக்கில் முடங்கின.

மாற்றுத் தீனிக்குப் பழக்குங்கள். இரண்டாம் உலகப் போரில் லெனின்கிராடு முற்றுகையின்போது இறைச்சி கிடைக்காதபோது, முயல் தோலுக்குள் புல்லும் பிண்ணாக்கும் திணித்து, மீனெண்ணெய் தடவி மாமிச உண்ணிகளுக்குக் கொடுத்தார்கள். தீனி மட்டுமல்ல, பராமரிப்பும் உயிர் காத்தது: அங்கே நீர்யானையின் தோல் வெடிக்காமலிருக்க, யெவ்தோகியா தாஷினா என்ற பராமரிப்பாளர் நேவா ஆற்றிலிருந்து நீர் இழுத்து வந்து ஊற்றி, கற்பூர எண்ணெய் பூசினார். அந்த நீர்யானை போரைத் தாண்டி வாழ்ந்தது.

ஊழியர் குடும்பங்களுக்கும் இடம் ஒதுக்குங்கள். 2022 போரில் உக்ரைனின் கீவ் பூங்கா ஊழியர்கள் குடும்பத்தோடு உள்ளேயே தங்கியதால்தான் விலங்குகளுக்கு வேளாவேளைக்குத் தீனி கிடைத்தது. மிரண்ட யானைக்கு இரவிலும் துணை இருந்தது.

வாசகர்களுக்கு: உதவ நினைத்தால் பொருளை அனுப்பாமல் பணமாகக் கொடுங்கள். உக்ரைனின் மிக்கலாயிவ் பூங்காவுக்கு உலகெங்கும் உள்ளவர்கள் இணையத்தில் நுழைவுச்சீட்டு வாங்கினார்கள். தீனிச் செலவுக்கு அது கைகொடுத்தது. கூண்டைத் திறந்துவிடச் சொல்லி யாரையும் தூண்டாதீர்கள். வெளியே வந்த புலிக்குக் காத்திருப்பது துப்பாக்கிதான்.

உங்கள் ஊர்ப் பூங்காவில் இப்படியொரு திட்டம் இருக்கிறதா என்று நிர்வாகத்துக்கு எழுதிக் கேளுங்கள். போர் வராவிட்டாலும் புயலும் வெள்ளமும் வரும். அப்போதும் இதே திட்டம்தான் விலங்குகளைக் காக்கும்.