மண்ணுக்கும் ஒரு கணக்கு உண்டு
(வீட்டுத்தோட்டப் பாடம்)



அண்மையில் ஒரு லயத்து வாசலில் வீட்டுத்தோட்ட வகுப்புக்காகக் கூடினோம். அந்திக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, கூடையை இறக்கிவைத்த கையோடு அக்காமார் வந்து உட்கார்ந்தார்கள். "சேதனப் பசளை" என்று நாங்கள் வாய் திறந்ததும் ஒரு பெரியம்மா சிரித்துவிட்டார்.

"அட போங்கய்யா! அரசாங்கமே அதைச் சொல்லிக் கையைச் சுட்டுக்கிச்சு. மலையில கொழுந்து இல்லாம நாங்கதான் பேர் கெடைக்காம கெடந்தோம். மறுபடியும் அதே பாட்டா?" என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அதற்குப் பதில் சொல்லாமல் உங்களைப் பாத்தி கட்டச் சொல்வது சரியில்லை. ஆகவே பாடத்தை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறோம்.

2021இல் என்ன நடந்தது?

2021ஆம் ஆண்டு மே மாதம் இரசாயன உரமும் விவசாய மருந்துகளும் நாட்டுக்குள் கொண்டுவரத் தடை விதிக்கப்பட்டது. நாடு முழுவதும் ஒரே மூச்சில் சேதனப் பசளைக்கு மாற வேண்டும் என்றார்கள். நெல்லும் விழுந்தது, மரக்கறியும் விழுந்தது, தேயிலையும் வாடியது. அதே வருஷம் நவம்பரில் தடையை எடுத்துவிட்டார்கள். ஆனால் உரத்தின் விலை அதற்குள் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. 2021இல் ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்த இலங்கைத் தேயிலை உற்பத்தி, 2022இல் ஏறக்குறைய 25 கோடி கிலோவாகக் குறைந்தது.

ஏன் இப்படி ஆனது? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

100 கிலோ தேயிலைத்தூள் செய்ய ஏறக்குறைய 450 கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். ஒருவர் நாளுக்கு 20 கிலோ எடுத்தால் அது 22, 23 நாள் கொழுந்து. அந்த 100 கிலோ தூளோடு ஏறக்குறைய 4 கிலோ நைதரசன் சத்து மலையை விட்டுப் போகிறது. கொழும்புக்குப் போய், கப்பலேறி, வெளிநாட்டுக்காரர் கோப்பைக்குள் போய்விடுகிறது. அது திரும்பி வராது. போனதை யாராவது மண்ணில் திருப்பிப் போட்டே ஆக வேண்டும்.

50 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. நல்ல கூட்டெருவில் 100 கிலோவுக்கு ஒரு கிலோ, மிஞ்சினால் இரண்டு கிலோ. அப்படியென்றால் ஒரு மூட்டை யூரியாவுக்கு ஈடாக 2,000 கிலோ அளவில் கூட்டெரு வேண்டும். அதிலும் முதல் போகத்தில் ஒரு பங்குதான் செடிக்குக் கிடைக்கும். மீதி அடுத்தடுத்த வருஷங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வரும். இவ்வளவு கூட்டெருவை மலை மலையாக யார் செய்து வைத்திருந்தார்கள்? யார் சுமந்து கொண்டுபோய்ப் போடுவது? குவியல் போடாமலே கட்டளை போட்டார்கள். அதுதான் நடந்த பிழை.

சேதனப் பசளை பொய் என்று இதிலிருந்து முடிவுகட்ட வேண்டாம். மண்ணுக்கும் செக்ரோல் மாதிரி ஒரு கணக்கு இருக்கிறது. எடுத்ததைத் திருப்பிப் போடாவிட்டால் கடன் ஏறும். திருப்பிப் போடுவதற்கும் காலம் வேண்டும்.

நம் பாத்தியின் கணக்கு வேறு

நூற்றுக்கணக்கான ஏக்கர் தேயிலைக்குக் கூட்டெரு செய்வது நம்மால் ஆகாத காரியம். ஆனால் லயத்துப் பின்பக்கம் 10 அடி நீளம், 4 அடி அகலத்தில் ஒரு பாத்தி இருந்தால் அதற்கு வேண்டியது இரண்டு வாளி கூட்டெருதான். மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி உயரத்தில் ஒரு குவியல் போட்டால், அது மக்கி அமுங்கிய பிறகும் 20 வாளிக்குக் குறையாது. பத்துப் பாத்திக்குப் போதும். ஒரு லயத்துக்கே ஒரு குவியல் போதும்.

இன்னொன்றும் இருக்கிறது. இங்கே விளைவது கப்பலேறிப் போவதில்லை. நாம் கீரையைத் தின்கிறோம், காம்பும் தோலும் குவியலுக்கே திரும்புகிறது. கணக்கு வெளியே போகாமல் லயத்துக்குள்ளேயே சுற்றுகிறது. அதனால்தான் மலையில் பலிக்காதது வாசலில் பலிக்கும்.

குவியல் போடும் முறை

1. இடம்: நிழலாக இருக்க வேண்டும். பீலிக்கும் குடிதண்ணீருக்கும் மேற்பக்கம் வேண்டவே வேண்டாம். மழை அதிகமான எங்கள் மலைகளில் குழி வெட்டினால் தண்ணீர் நின்று அழுகும். ஆகவே தரைக்கு மேலே குவியலாகப் போடுங்கள்.

2. அடியில் அரை அடிக்குச் சுள்ளிகளைப் பரப்புங்கள். கவ்வாத்து மலையிலிருந்து விறகுக்குக் கொண்டுவரும் மிலாரில் மெல்லியவை இதற்குப் போதும். காற்று உள்ளே போக இதுதான் வழி.

3. அதன்மேல் காய்ந்தது மூன்று பங்கு: சருகு, காய்ந்த புல், துண்டாக்கிய வைக்கோல். பிறகு பச்சை ஒரு பங்கு: மரக்கறிக் கழிவு, பச்சைப் புல், கிளிரிசீடியா இலை, ரோட்டோரத்தில் மஞ்சளாகப் பூக்கும் காட்டுச் சூரியகாந்தி இலை. இந்தச் சூரியகாந்தி இலையில் சத்து அதிகம். காசு கொடுக்காமல் கிடைக்கும் பசளை இது. பூத்து விதை விழுவதற்கு முன்பே வெட்டிவிடுங்கள்.

4. ஒவ்வொரு அடுக்குக்கும் சாணத்தைத் தண்ணீரில் கரைத்துத் தெளியுங்கள். மாடு இல்லாதவர்கள் மாடு உள்ள வீட்டில் ஒரு வாளி கேட்டால் யாரும் மாட்டேன் என்று சொல்லமாட்டார்கள். குடித்த தேயிலைச் சக்கையும் முட்டைக்கோதும் இதற்குள்ளேயே போகட்டும்.

5. மூன்றடி உயரம் வந்ததும் கிழிந்த சாக்கு அல்லது வாழையிலையால் மூடுங்கள். மழை நேரடியாக விழுந்தால் சத்து கழுவிக்கொண்டு போய்விடும்.

6. நாலைந்து நாள் கழித்து ஒரு கம்பை உள்ளே செருகி எடுத்துத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் வேலை நடக்கிறது. சூடில்லை என்றால் பச்சையும் சாணமும் குறைவு, அல்லது குவியல் காய்ந்திருக்கிறது.

7. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை முள்ளால் புரட்டுங்கள். மூன்று மாதத்தில் கறுத்து, மழை பெய்த மண்வாசம் வரும். நுவரெலியாப் பக்கக் குளிரில் நாலைந்து மாதம்கூட ஆகும். அவசரப்பட வேண்டாம்.

குவியலில் போடக்கூடாதவை: களைநாசினி அடித்த புல், நோய்பட்ட தக்காளி, உருளைக்கிழங்குச் செடி, இறைச்சி, எலும்பு, பிளாஸ்டிக், பற்றரி.

எங்களுக்கு நடந்த ஒரு பிழையையும் சொல்லிவிடுகிறோம். நாங்கள் முதன்முதல் போட்ட குவியலில் கோவா இலையும் லீக்ஸ் இலையும் மட்டும்தான் இருந்தன. பச்சை நிறையக் கிடைத்ததே என்ற சந்தோஷத்தில் காய்ந்ததைச் சேர்க்கவில்லை. பத்தாம் நாள் நாற்றம் தாங்க முடியவில்லை. லயத்தில் எல்லோரும் ஏசினார்கள். கலைத்துப் போட்டு, சருகு கலந்து மறுபடியும் அடுக்கிய பிறகே சரியானது. நாற்றம் வந்தால் காய்ந்தது போதவில்லை என்று அர்த்தம். நாற்றமடிக்கும் குவியலை வீசிவிட வேண்டாம். சருகு கலந்து புரட்டினால் போதும்.

தேயிலை மண்ணும் அடுப்புச் சாம்பலும்

தேயிலைக்குப் புளித்த மண் பிடிக்கும். மரக்கறிக்குப் பிடிக்காது. தேயிலை நின்ற நிலத்தில் கூட்டெரு போட்டும் கரட்டும் போஞ்சியும் குறண்டிக்கொண்டு நின்றால், மண்ணின் புளிப்புத்தான் காரணமாக இருக்கலாம். அதற்கு மருந்து நம் அடுப்பிலேயே இருக்கிறது. நல்ல விறகுச் சாம்பலைச் சலித்து, ஓரடி நீளம், ஓரடி அகலத்துக்கு ஒரு சின்னப் பிடி வீதம் தூவி, மண்ணோடு கிளறிவிடுங்கள். நடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முந்திச் செய்வது நல்லது. வருஷத்துக்கு ஒரு தடவை போதும். கடையில் டொலமைட் வாங்க வசதி இருந்தால் அதுவும் சரி. பிளாஸ்டிக் எரித்த சாம்பல் கூடவே கூடாது. சாம்பலையும் புதுச் சாணத்தையும் ஒன்றாகக் கலந்தால் சாணத்தின் சத்து ஆவியாகிப் போய்விடும். இரண்டையும் வேறு வேறு நாளில் போடுங்கள்.

சரிவில் கவனம்

பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே போடுங்கள். மேலிருந்து கீழாகப் போட்ட பாத்தியில் ஒரே மழைக்கு மண்ணும் பசளையும் கானுக்குள் போய்விடும். கீழ் ஓரத்தில் கல் அடுக்கி, ஒரு வரிசை சேரைப்புல் நட்டால் மண் நிற்கும். மண்ணை வெறுமனே விடாமல் சருகால் மூடிவையுங்கள்.

லயத்துக்கு மேலே உள்ள மண்ணை வெட்டிச் செங்குத்தாக்கவே வேண்டாம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோதும் மலையகத்தில் பல இடங்களில் மண் சரிந்து உயிர்கள் போயின. நிலத்தில் புதிதாக வெடிப்பு, மரம் சாய்தல், புதிய ஊற்று, ஊற்றுத் தண்ணீர் கலங்கி வருதல், இதில் எதைக் கண்டாலும் பாத்தியைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் பிள்ளைகளோடு வெளியேறுங்கள். கிராம உத்தியோகத்தருக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் உடனே சொல்லுங்கள்.

எதை நடுவது? யாருக்காக?

முதல் பாத்தியை விற்பதற்காகப் போடாதீர்கள். வீட்டுச் சட்டிக்காகப் போடுங்கள். தண்டுக்கீரை, பொன்னாங்காணி, வல்லாரை, ஓரத்தில் போஞ்சி, வேலியில் சௌசௌ. குளிர் இடத்தில் லீக்ஸ், கரட், பீட்ரூட். பீட்ரூட் இலையையும் ராபு இலையையும் வீசாதீர்கள், அதுவும் கீரைதான். தக்காளி, மிளகாய், கத்தரி, உருளைக்கிழங்கு நாலும் ஒரே குடும்பம். ஒன்று நின்ற இடத்தில் அடுத்த தடவை மற்றதை நட்டால் நோய் தொடரும். இடையில் போஞ்சி நட்டு மாற்றுங்கள்.

நம் தாய்மாரிடையே இரத்தச்சோகை அதிகம். கீரையில் இரும்புச் சத்து உண்டு. ஆனால் சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் அதில் பெரும்பகுதி உடம்பில் சேராது. நாம் பறிக்கும் இலையே நம் இரத்தத்துக்குக் குறுக்கே நிற்கிறது! சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துத் தேத்தண்ணி குடியுங்கள். கீரையில் கொஞ்சம் தேசிக்காய்ப்புளி விடுங்கள், சத்து நன்றாகச் சேரும். கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச்சத்துக் குளிசையையும் தேத்தண்ணியோடு விழுங்க வேண்டாம். கீரை இருக்கிறதே என்று குளிசையை நிறுத்தவும் வேண்டாம்.

"இந்த மண்ணு நமக்குச் சொந்தமா?"

வகுப்பு முடியும் நேரம் ஒரு தம்பி இதைக் கேட்டார். "நாங்க நல்லா ஆக்கி வச்ச பொறகு நாளைக்கு எழும்புன்னு சொன்னா?"

1823இல் நம் முன்னோர் முதன்முதலில் வந்து இறங்கியதிலிருந்து 2023இல் 200 வருஷம் ஆனது. இன்னும் எத்தனையோ குடும்பங்களுக்குக் காணி உறுதி இல்லை. அந்த உரிமையைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கீரைப் பாத்தி அதற்கு ஈடாகாது. ஆனால் அது கிடைக்கும்வரை பிள்ளையின் தட்டு காலியாக இருக்க வேண்டுமா? இடம் நிச்சயமில்லாதவர்கள் பழைய உரச் சாக்கைக் கழுவி, அடியில் ஓட்டை போட்டு, பாதி மண், பாதி கூட்டெரு நிரப்பி நடுங்கள். எழும்பச் சொன்னால் சாக்கையும் தூக்கிக்கொண்டு போகலாம். கைத்தொழிலும் நம்மோடு வரும்.

அந்தப் பெரியம்மா போகும்போது, "சரி, ஒரு குவியல் போட்டுப் பாக்குறேன். நாத்தமடிச்சா ஒங்களைத்தான் கூப்புடுவேன்" என்றார். கூப்பிடட்டும், வருகிறோம்.

கூடிப் பேசுவதற்குச் சில கேள்விகள்

1. நம் லயத்திலிருந்து ஒரு நாளில் வீசப்படும் மக்கும் குப்பை எத்தனை வாளி?
2. எல்லோருக்கும் பொதுவாக ஒரு குவியல் போட எந்த இடம் பொருத்தம்? நிர்வாகத்திடம் யார் போய்ப் பேசுவது?
3. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை புரட்டும் வேலையைப் பெண்கள் தலையில் மட்டும் போடாமல் எப்படிப் பங்கிடலாம்?
4. நம் வீட்டில் தேத்தண்ணி குடிக்கும் நேரத்தை மாற்ற முடியுமா?