பெயரில் ஓர் இடைவெளி

கேள்வி: வாழும் ஓவியர் ஒருவரைப் பற்றி ஆய்வு செய்ய விருப்பம். பல்கலைக்கழக நூலகத்தில் எங்கிருந்து தொடங்குவது?
- வாசகி, கும்பகோணம்

பதில்: வடோதராவின் ஓவியர் குலாம்முகமது ஷேக்கையே எடுத்துக்கொள்வோம். 1937இல் பிறந்தவர். நூலகக் கணினியில் இவரைத் தேடுபவர்கள் முதலில் இடறுவது பெயரில்தான். சில பதிவுகளில் 'குலாம்முகமது' ஒரே சொல், சிலவற்றில் இரண்டு. ஒரு வடிவத்தை மட்டும் தட்டினால் பாதிக் கட்டுரைகள் கண்ணிலேயே படாமல் போகலாம். இரண்டையும் தேட வேண்டும்.

அடுத்து, கண்காட்சிக் கையேடுகள். வாழும் கலைஞரைப் பற்றிய முழு நூல் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இந்த மெல்லிய கையேடுகள் வந்துவிடும்; அன்றைய சூடு அவற்றில்தான் இருக்கும். ஷேக் உட்பட ஆறு ஓவியர்கள் பங்கேற்ற 1981ஆம் ஆண்டின் 'பிளேஸ் ஃபார் பீப்பிள்' கண்காட்சிக் கையேட்டில் கலை விமர்சகர் கீதா கபூர் எழுதிய கட்டுரை இன்றும் தவிர்க்க முடியாதது. இவை அலமாரியில் எளிதில் சிக்காது. நூலகரிடம் வாய்விட்டுக் கேட்பதே உத்தமம்.

ஆய்விதழ்க் கட்டுரைகளுக்கான ஜேஸ்டோர் போன்ற கட்டணத் தளங்கள், பல்கலைக்கழகம் சந்தா செலுத்தியிருந்தால் அதன் மாணவர்களுக்கு இலவசம்.

ஷேக்கும் ஓவியர் பூபென் கக்கரும் 1969 முதல் 1973 வரை நடத்திய 'விருச்சிக்' சிற்றிதழோ ஹாங்காங்கின் ஏசியா ஆர்ட் ஆர்க்கைவ் என்ற கலை ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. வாசகி இன்றே அங்கிருந்து தொடங்கலாம்.