பழைய மின்சூளை வாங்கும் முன்

எங்கள் பள்ளிக் கைவினை மன்றத்தில் மாணவர்கள் நாற்பது அகல்விளக்குகள் செய்தார்கள். நன்றாகக் காயவைத்து, குறைந்த விலைக்கு வாங்கிய பழைய மின்சூளையில் அடுக்கினோம். எட்டு மணி நேரம் ஆகியும் வெப்பம் 650 டிகிரி செல்சியஸைத் தாண்டவில்லை. மறுநாள் எடுத்துப் பார்த்தால், நகத்தால் கீறினாலே விளக்குகள் மாவாக உதிர்ந்தன. "சார், நாங்க மண்ணைச் சரியாப் பிசையலையா?" என்று ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். பிழை அவர்களுடையது அன்று; பார்க்காமல் வாங்கிய என்னுடையது. அதில் கற்றவற்றை இங்கே பகிர்கிறேன்.

தேவையை முடிவு செய்வோம்

சுடுமண் பொருள்களுக்கு ஏறத்தாழ 900 முதல் 1000 டிகிரி வரை போதும். ஸ்டோன்வேர் வகைக்கு 1200 டிகிரிக்கு மேல் வேண்டும். பள்ளி மன்றத்துக்குப் பெரும்பாலும் முதல் வகையே போதுமானது. தேவைக்கு மீறிய சூளை மின்கட்டணத்தையும் இடத்தையும் விழுங்கும்.

பெயர்ப்பலகையைப் படிப்போம்

சூளையின் உடலில் வோல்ட், கிலோவாட், உச்ச வெப்பநிலை ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். 230 வோல்ட், 3 கிலோவாட் சூளை ஏறத்தாழ 13 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். பெரிய சூளைகளுக்கு மும்முனை இணைப்பு வேண்டும். பள்ளியின் மின் இணைப்பு அதைத் தாங்குமா என்பதை விலை பேசும் முன்பே மின்பணியாளரிடம் கேட்க வேண்டும்.

கம்பிச்சுருளை அளப்போம்

சூளையின் உயிர் அதன் கம்பிச்சுருள்கள்தாம். பயன்படுத்தப் பயன்படுத்த அவற்றின் மின்தடை கூடும், திறன் குறையும். மேற்சொன்ன சூளையின் மின்தடை புதிதில் 17.6 ஓம். இப்போது 20 ஓம் காட்டினால் திறன் 2645 வாட்டாக, அதாவது 12 விழுக்காடு குறைந்துவிட்டது என்று பொருள். சுருள்களை மாற்றும் செலவையும் விலையில் கழித்துப் பேசலாம். ஒரு சுருள் அறுந்திருந்தாலும் மற்றவை சூடாகலாம். எங்கள் சூளையின் கோளாறு அதுவே. ஆகவே ஒவ்வொரு சுருளையும் தனித்தனியே அளக்க வேண்டும். மின் இணைப்பைத் துண்டித்த பிறகே, மின்பணியாளரைக் கொண்டு அளக்க வேண்டும். பழைய சுருள் குளிர்ந்த நிலையில் எளிதில் ஒடியும். இழுத்துப் பார்க்கக் கூடாது.

உள்சுவரும் கதவும்

வெப்பம் தாங்கும் செங்கல்லில் மயிரிழை விரிசல் இருப்பது இயல்பு. செங்கல் பெயர்ந்து, சுருள் பதிந்த பள்ளம் உடைந்திருந்தால் வேண்டாம். கதவு இடைவெளியின்றி மூட வேண்டும். மிகப் பழைய சூளையின் கதவோரக் கயிற்றில் கல்நார் இருக்கக்கூடும். நொறுங்கும் வெள்ளைப் பஞ்சுக் காப்பின் தூசியும் நுரையீரலுக்குக் கேடு. இவ்விரண்டும் தென்பட்டால் அந்தச் சூளை பள்ளிக்கு ஆகாது.

சுட்டுப் பார்த்தே வாங்குவோம்

விற்பவரிடமே வெற்றுச் சூளையை 1000 டிகிரி வரை ஏற்றிக் காட்டச் சொல்ல வேண்டும். எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். வெப்பமானி காட்டும் எண்ணை மட்டும் நம்பாமல், குறித்த வெப்பத்தில் வளையும் பைரோமெட்ரிக் கூம்பு ஒன்றை உள்ளே வைத்தால் உண்மை தெரியும்.

பாதுகாப்பு

நிலத்தொடுப்பும், மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவியும் கட்டாயம். கதவைத் திறந்ததும் மின்சாரம் நிற்கும் சுவிட்சு வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். சுடும்போது புகையும் வாயுக்களும் வரும். எனவே வகுப்பறைக்குள் வைக்காமல், காற்றோட்டமான தனி இடத்தில், பூட்டு வசதியுடன் வைக்க வேண்டும்.

வகுப்பறைச் செயல்பாடு

பத்தாம் வகுப்பில் ஓம் விதி நடத்தும்போது, பெயர்ப்பலகையின் விவரங்களைக் கரும்பலகையில் எழுதுங்கள். மின்னோட்டம், மின்தடை ஆகியவற்றை மாணவர்கள் கணக்கிடட்டும். மின்பணியாளர் அளந்த மதிப்போடு ஒப்பிட்டு, "இதை வாங்கலாமா?" என்று அவர்களே முடிவு சொல்லட்டும். எங்கள் பள்ளியில் அறுந்த சுருளை மாற்றும் முன் இதைச் செய்தோம்.

சுருள் மாற்றிய பின் அதே மாணவி செய்த விளக்கைத் தட்டினோம். கணீரென்று ஒலித்தது. தன் கையில் குறை இல்லை என்பதை அவள் அன்றுதான் நம்பினாள். நாம் வாங்கும் கருவியின் குறை, குழந்தையின் குறையாக மாறிவிடக் கூடாது அல்லவா?